அப்பா கழற்றி வைத்த கருவி – கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவைசிகிச்சை செய்து உள்காதில் மின்முனைகளை வைத்து, வெளியே கழற்றி மாட்டும் கருவியால் கேட்க வைப்பது) பொருத்திக்கொண்டது பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 64 வயது. குமாரபாளையத்தில் சிறுவயது முதல் விசைத்தறி ஓட்டியவர். பதினைந்து வருடமாகக் காது படிப்படியாகக் குறைந்து, கடைசியில் காது மெஷினும் பயன்படாமல் போனது. நகையை அடகு வைத்து, மூன்று மாதம் முன்பு வலது காதில் இம்ப்ளான்ட் வைத்தோம். ஸ்விட்ச் ஆன் செய்த அன்று அவர் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. எல்லோரும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்றார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மண்டபத்துக்குள் நுழைந்ததுமே கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். இப்போது அது பீரோவில் இருக்கிறது. பாட்டுக் கேட்பதில் அவ்வளவு ஆசை கொண்டவர், பாட்டெல்லாம் வெறும் இரைச்சல் என்கிறார். பணம் வீண் என்று அண்ணன் தினமும் சொல்கிறார். அவசரப்பட்டுவிட்டோமா?

க., குமாரபாளையம்

அன்புள்ள க.,

அவசரப்படவில்லை. உங்கள் அப்பா கருவியைக் கழற்றி வைத்ததில் பிடிவாதமோ நன்றிகெட்டதனமோ இல்லை. அவர் களைத்துப் போயிருக்கிறார். அந்தக் களைப்பு வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது.

காது மெஷின் ஒலியைப் பெரிதாக்கித் தருகிறது. கேட்கும் வேலையை அப்போதும் காதுதான் செய்கிறது. இம்ப்ளான்ட் அப்படியல்ல. நம் உள்காதில் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் ஒலியை நரம்புக்குச் சேர்க்கின்றன. தறிச் சத்தத்தில் ஆண்டுக்கணக்காக நின்றவர்களுக்கு முதலில் அழிவது உயர்ந்த சுருதியைப் பிடிக்கும் செல்கள். ச, த, ட போன்ற ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்று உங்கள் அப்பா ஆரம்பத்தில் சொல்லியிருப்பாரே, காரணம் இதுதான். அந்தச் செல்களின் வேலையை இப்போது அவருடைய உள்காதுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு மெல்லிய இழை செய்யப் பார்க்கிறது. அதில் இருப்பவை 12 முதல் 22 மின்முனைகள், தயாரிக்கும் நிறுவனத்தைப் பொறுத்து. அவ்வளவுதான். மிச்சத்தை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். தகர டப்பாக் குரல் கருவியின் கோளாறு அல்ல. பழக்கமில்லாத மின்துடிப்புகளை வைத்துக்கொண்டு மூளை முதலில் கட்டும் குரல் அப்படித்தான் இருக்கும். எனக்கு முதல் வாரங்களில் குக்கர் விசிலும் என் மனைவியின் குரலும் ஒரே கீச்சொலியாகத்தான் கேட்டன.

பேச்சு தெரிந்தபின் காது போனவர்களுக்குப் பெரும்பாலான முன்னேற்றம் முதல் ஓராண்டுக்குள் வருகிறது. அதிலும் எத்தனை வருடம் கேளாமல் இருந்தார் என்பது முக்கியம். பதினைந்து வருடம் குறைந்துகொண்டே வந்த காதுக்கு மூன்று மாதம் போதாது. ஆனால் அந்த முன்னேற்றம் கருவி காதில் இருக்கும் நேரத்தில்தான் நடக்கும்.

கல்யாண மண்டபத்தில் அவர் எழுந்து போனது சரியான காரியம். இத்தனை ஆண்டு பழகிய எனக்கே மண்டபம் என்றால் இன்றும் கலக்கம்தான். ஒரு பக்கக் கருவியை வைத்துக்கொண்டு ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மைக், மேளம், நாற்காலி இழுபடும் ஓசை, முந்நூறு பேரின் பேச்சு எல்லாம் ஒரே திரளாக வந்து மோதும். அடுத்த விசேஷத்தில் சுவரோரமாக, வலது காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். ஒரே ஒருவர் மட்டும் அவரோடு பேசட்டும். போதும் என்று அவர் சொன்னால் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டியது வீட்டைப் பற்றி. அறுவைசிகிச்சை அவருக்கு நடந்தது, பழக வேண்டியது வீடு முழுவதும். கருவி வந்த மறுநாளே வீட்டார் பழைய பொறுமையைக் கைவிட்டுவிடுவதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். சமையலறையில் மிக்ஸி ஓடும்போதே கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்பார்கள். அவர் திரும்பப் பார்த்து "என்ன?" என்றால் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்பார்கள். காது கேளாதவர்கள் வாழ்நாளில் கேட்கும் மிகக் கொடிய சொல் இந்த "ஒன்றுமில்லை"தான். எல்லோரும் சிரித்த ஒரு விஷயம் தனக்கு மட்டும் தேவையில்லை என்று வேறொருவர் முடிவு செய்துவிட்டார் என்பது அதன் பொருள். அது என்ன அற்ப விஷயமாக இருந்தாலும் திரும்பச் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். இதை உங்கள் அண்ணனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதேபோல "இப்போது கேட்கிறதா? நான் என்ன சொன்னேன், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். வயதான மனிதரை அது சிறுமைப்படுத்துகிறது.

கத்திப் பேச வேண்டாம், கத்தினால் கருவியில் ஒலி இன்னும் சிதையும். முகத்துக்கு நேரே, வழக்கமான வேகத்தில் பேசினால் போதும். தறி ஓடும்போது வாயசைவையும் கைச்சாடையையும் பார்த்தே பேசிப் பழகியவர் அவர். அந்தத் திறமை அவருக்குப் பெரிய பலம். ஆனால் பணம், மணம் இரண்டும் உதட்டில் ஒன்றாகத்தான் தெரியும். கண்ணையே நம்பிக்கொண்டிருந்தால் காது வேலை செய்யாது. எனவே தினமும் சிறிது நேரம் கண்ணின் துணை இல்லாமல் கேட்க வேண்டும்.

அதற்கு எனக்குப் பயன்பட்ட வழியைச் சொல்கிறேன். செய்தித்தாளில் ஒரு பத்தியை என் மனைவி பின்னால் இருந்து வாசிப்பார், நான் அதே பத்தியின் வரிகளை விரலால் தொடர்ந்துகொண்டு போவேன். பிறகு தாளை மூடிவிட்டுக் கேட்பேன். எனக்கு முதலில் பிடிபட்டது மேட்டூர் அணையின் நீர்மட்டம். தினமும் அதே வாக்கிய அமைப்பு, எண்கள் மட்டும் மாறும். அடுத்து வரப்போவது என்ன என்று மூளையால் ஊகிக்க முடிகிறது, ஊகம் சரியாக இருக்கும்போது ஒலி தெளிகிறது. காவிரிக்கரையில் இருப்பவருக்கு அணையில் 120 அடி நிரம்புமா என்ற கவலையும் சேர்ந்தே இருக்குமல்லவா? அதிலிருந்து தொடங்குங்கள்.

பாட்டு விஷயத்தில் பொய் நம்பிக்கை தர மாட்டேன். தாளம் நன்றாக வரும். தவில், பறை, உருமி அவருக்கு விரைவிலேயே பிடிபடலாம். சுருதியைப் பிரித்துக் காட்ட அந்த மின்முனைகள் போதாது. எனக்கு ராகம் திரும்பவில்லை. அது ஓர் இழப்பு, அதற்காக இன்றும் துக்கப்படுகிறேன். அவருக்கு மனப்பாடமான பழைய பாட்டாக, ஒற்றைக் குரலும் குறைந்த வாத்தியங்களும் உள்ளதாகப் போட்டுப் பாருங்கள். வரிகள் தெரிந்திருந்தால் நினைவு கொஞ்சம் கைகொடுக்கும். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

பல மின்முனைகள் கொண்ட இம்ப்ளான்ட்டை 1978இல் மெல்போர்னில் ஒரு நோயாளிக்குப் பொருத்திய ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க்கின் தந்தை காது மந்தமானவர், மருந்துக்கடை நடத்தியவர். வாடிக்கையாளர்கள் சொல்வது புரியாமல் தந்தை தவிப்பதைப் பார்த்தே வளர்ந்த மகன் அவர். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அவர் நினைவு வந்தது.

பணத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. பெரியவர்கள் பெரும்பாலும் கடன்தான் வாங்க வேண்டியிருக்கிறது. உழைத்து உழைத்தே காதை இழந்த தொழிலாளிகளுக்கு இந்த உதவி இல்லாதது அநியாயம் என்று நினைக்கிறேன். அந்தக் கோபத்தை உங்கள் அப்பாவின் மேல் இறக்கிவைக்காதீர்கள். அடகுக் கணக்கை அவர் முன்னால் பேசவே வேண்டாம். வாயசைவு படிக்கத் தெரிந்தவருக்கு அது முழுதும் புரியும்.

உடனே செய்ய வேண்டியது, ஆடியாலஜிஸ்டிடம் (கேட்புத்திறன் நிபுணர்) மறுபடி மேப்பிங்குக்கு, அதாவது கருவியின் ஒலி அளவுகளை அவருக்கு ஏற்றபடி சரிசெய்யப் போவது. ஒலி அளவு கொஞ்சம் கூடிவிட்டாலும் பாத்திரம் விழும் சத்தம் தலைக்குள் குத்தும். பலர் கருவியைக் கழற்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கிறது, ஆனால் வாய்விட்டுச் சொல்வதில்லை. எந்த ஒலி வலிக்கிறது, எது கேட்கவே இல்லை என்று அவரே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகட்டும். நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும். காலையில் மாட்டி, இரவு தூங்கும்போது கழற்றலாம். நடுவில் களைப்பாக இருந்தால் அரைமணி நேரம் மௌனத்தில் இருக்க அவருக்கு உரிமை உண்டு. கழற்றும் நேரத்தில் பீரோவில் போடாமல், ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள்.

அப்பாவுக்கு விருப்பமிருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். போனில் பேசுவது இருவருக்குமே சிரமம். அவர் கைப்பட எழுதினால் நானும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.