கிராப்பி கேள்வி பதில்: மார்ச் வந்தாச்சு, மீன் எங்கே?

டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே, டென்டன் தாண்டி இருக்கும் ரே ராபர்ட்ஸ் ஏரியில் பன்னிரண்டு வருஷமாகத் தூண்டில் போடுகிறேன். மார்ச் பிறந்தால் போதும், கிராப்பி என்ற ஏரி மீனைப் பற்றிக் கேள்விகள் வரிசை கட்டும். இந்த முறை வந்தவற்றுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன்.

அண்ணா, எந்தத் தேதியில் போனால் கிடைக்கும்? போன வருஷம் மார்ச் 15 அன்று, நண்பர் அள்ளிய அதே இடத்துக்குப் போனேன். ஒன்றுகூட இல்லை. (பிரிஸ்கோ)

தேதியை விடுங்கள், தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். குளிர்காலத்தில் ஆழத்தில் கிடக்கும் கிராப்பி, தண்ணீர் 55 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும்போது ஓடைகள் ஏரியில் கலக்கும் வாய்களுக்கு நகர ஆரம்பிக்கும். அங்கே பத்துப் பதினைந்து அடி ஆழத்தில், மூழ்கிய மரங்களை ஒட்டிக் காத்திருக்கும். 60ஐத் தாண்டினால் ஆண் மீன்கள் முதலில் கரைக்கு ஏறிக் கூடு துப்புரவு செய்யும். 60க்கும் 68க்கும் நடுவில் முட்டையிடும். நம் பக்கத்தில் இது பெரும்பாலும் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நடக்கும். ஆனால் ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் இருக்காது.

ஒரே நாளில்கூட ஏரி முழுக்க ஒரே சூடு இல்லை. வடகரையில் இருக்கும் குடாக்களுக்குத் தெற்கிலிருந்து வெயில் நேராக விழும், வாடைக்காற்றும் அடிக்காது. அதனால் அவை முதலில் சூடேறும். தெற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் வீசினால் மேலே இருக்கும் சூடான தண்ணீரையும் அங்கேதான் தள்ளிக்கொண்டு போகும். சமையலறைத் தெர்மாமீட்டரை ஒரு கயிற்றில் கட்டி எடுத்துப் போங்கள். என் தூண்டில் பெட்டியில் அதிகம் உழைத்த பொருள் அதுதான். ஆரம்ப மார்ச்சில் விடியற்காலையில் எழுந்து ஓடவும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு மதியத்துக்கு மேல் போங்கள், தண்ணீர் நாலு டிகிரி ஏறியிருக்கும்.

இரையை எவ்வளவு ஆழத்தில் விட வேண்டும்? நான் தரையைத் தொடும்படிதான் விடுகிறேன், ஊரில் கெளுத்திக்கு அப்படித்தான்.

இங்கேதான் நம் ஆட்கள் எல்லோரும் தவறுகிறோம். நானும் முதல் இரண்டு வசந்தத்தை இப்படித்தான் வீணாக்கினேன். கிராப்பியின் கண் தலையின் மேல்பகுதியில் இருக்கும். மேலே பார்த்து, மேலே ஏறித் தின்னும் மீன் அது. தன் தலைக்குக் கீழே போகும் இரையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மீன் ஆறடியில் இருக்கிறதென்றால் இரை ஐந்தடியில் இருக்கட்டும். வழுக்குத் தக்கையில், அதாவது தூண்டில் நரம்பில் வழுக்கி நகரும் தக்கையில், அதை நிறுத்தும் முடிச்சை நகர்த்தி, முதலில் இரண்டடி, அப்புறம் மூன்று, நான்கு என்று மேலிருந்து கீழே போங்கள். முட்டையிடும் வாரத்தில் கலங்கல் தண்ணீராக இருந்தால் இரண்டடியிலேயே கொத்தும். தெளிந்த தண்ணீரில் இன்னும் ஆழத்தில்.

இதனாலேயே மீன் கொத்தும்போதெல்லாம் தக்கை முங்கும் என்று இல்லை. போன ஏப்ரலில் நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தக்கை கீழே போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். செங்குத்தாக நின்ற தக்கை மெல்ல ஆடி, அப்படியே தண்ணீர்மேல் படுத்துக்கொண்டது. "காற்று" என்றார். காற்றில்லை. மீன் இரையை வாயில் கவ்வி மேலே வந்திருக்கிறது, ஈயத்தின் எடை தக்கைமேல் இல்லை, அதனால் படுத்துவிட்டது. அவர் ராடைத் தூக்குவதற்குள் துப்பிவிட்டுப் போய்விட்டது. தக்கை படுத்தாலும் தூக்குங்கள்.

என் மகள் பிடித்த மூன்று மீனும் கரைக்கு வரும்போது விழுந்துவிட்டன. அழுகை தாங்கவில்லை. (ப்ளேனோ)

கிராப்பிக்கு இங்கே 'பேப்பர் மவுத்' என்றே பெயர். உதட்டுக்குப் பின்னால் காகிதம் போல மெல்லிய தோல். வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும். மணிக்கட்டைச் சற்றே உயர்த்தினால் போதும், அப்புறம் நரம்பு தளராமல் நிதானமாகச் சுற்றச் சொல்லுங்கள். தண்ணீரிலிருந்து தூக்கும்போதுதான் பாதி விழும். கைவலை ஒன்று வாங்கி அவளிடமே கொடுங்கள்.

ஜிக்கா (ஈயத்தலை முள்ளில் செய்த போலி இரை), உயிருள்ள மினோவா (சின்ன இரைமீன்)?

புதியவர்களுக்கு மினோ. 4 அல்லது 6 பவுண்டு தாங்கும் நரம்பு, மெல்லிய கம்பியாலான 6ஆம் எண் முள், ஒரு சின்ன ஈயக்குண்டு. மெல்லிய முள் கிளையில் மாட்டினால் இழுக்கும்போது வளைந்து வெளியே வந்துவிடும், தடித்த முள் என்றால் எல்லாமே போய்விடும். கை பழகியதும் 1/16 அவுன்ஸ் ஜிக்குக்கு மாறுங்கள், மீன் மந்தமாக இருந்தால் 1/32. நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நான் கலங்கலில் எலுமிச்சைப் பச்சை, தெளிவில் வெள்ளை, அவ்வளவுதான்.

படகு இல்லாமல் முடியுமா?

வசந்தத்தில் மட்டும் நன்றாகவே முடியும், மீன்தான் உங்களைத் தேடிக் கரைக்கு வருகிறதே. பாலத் தூண்கள், படகுத்துறைகள், தண்ணீரில் சாய்ந்த மரம், நாணல் ஓரம் என்று நடந்துகொண்டே இருங்கள். இருபது நிமிஷத்தில் கொத்தவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். மடக்கு நாற்காலியை விரித்துவிட்டால் பிக்னிக்தான் நடக்கும். மீன் கூடுவதற்காக மூழ்கடித்த மரக்குவியல்கள் எங்கெங்கே என்று பல ஏரிகளுக்கு டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையே ஜிபிஎஸ் புள்ளிகளோடு வெளியிடுகிறது.

அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவருக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டுமா சார்?

டெக்சஸில் 17 வயதானால் லைசென்ஸ் வேண்டும், வெளியூர்க்காரருக்கும்தான். ஆனால் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலோ மீன்பிடி மேடையிலோ நின்று பிடித்தால் வேண்டாம். நம் ஏரியிலேயே ஐல் டு புவா, ஜான்சன் பிராஞ்ச் என்று இரண்டு பூங்காப் பகுதிகள் உண்டு. நுழைவுக் கட்டணம் கட்டி அப்பாவைக் கூட்டிப் போங்கள். அளவுச் சட்டம் அங்கேயும் உண்டு: 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 25. வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்ற இரண்டு வகையும் சேர்த்து 25, தனித்தனியாக இல்லை.

வெள்ளை எது, கறுப்பு எது?

முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள். ஐந்தாறு இருந்தால் வெள்ளை, ஏழெட்டு இருந்தால் கறுப்பு. நிறத்தை நம்பாதீர்கள், முட்டையிடும் காலத்தில் வெள்ளை ஆணும் கரிபிடித்த மாதிரி கறுத்துவிடும்.

சனிக்கிழமை வாளி நிறைந்தது. ஞாயிறு குளிர்காற்று வந்தது, திங்கள் ஒன்றும் இல்லை. எங்கே போயின?

தூரம் போகவில்லை. பக்கத்தில் இருக்கும் ஆழமான மரத்துக்கு இறங்கி, அதை ஒட்டிக்கொண்டு நிற்கும். துரத்தித் தின்னாது. இன்னும் சின்ன ஜிக், மரத்துக்கு மிக அருகில், ஆட்டாமல். பொறுமை இல்லையென்றால் இரண்டு நாள் கழித்துப் போங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

மிஞ்சிய மினோவை அடுத்த வாரம் லேக் லவானில் போடலாமா?

கூடாது. ரே ராபர்ட்ஸில் 2012இலேயே வரிச்சிப்பி, அதாவது ஜீப்ரா மஸல், வந்துவிட்டது. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, ஒரு வாளித் தண்ணீரில் அடுத்த ஏரிக்குப் போய்விடும். படகானால் ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அது சட்டம்.

சினை மீனைப் பிடிப்பது பாவமில்லையா?

என் அம்மாவும் இதையே கேட்டார். கிராப்பி ஒரு முறைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும், 10 அங்குலம் தாண்டியது பெரும்பாலும் ஒரு தடவையாவது இட்டிருக்கும். சட்டப்படி தவறில்லை. ஆனாலும் வயிறு தொங்கும் பெண் மீனை நான் திருப்பி விட்டுவிடுவேன், கணக்கில் சேராத ஒரு பழக்கம் அது. கூட்டுக்குக் காவல் இருப்பது ஆண் என்பதால் ஆணை எடுப்பதும் சும்மா இல்லை. வீட்டுக்கு எட்டு மீன் போதும், 25ஐயும் சுத்தம் செய்ய உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

குழம்பா, வறுவலா?

வறுவல். சதை வெள்ளை, மிக மென்மை, குழம்பில் கரைந்துவிடும். முதுகெலும்போடு சேர்ந்த சதையை இரண்டு பக்கமும் சீவி எடுத்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு, பத்து நிமிஷம் ஊறினால் போதும். எலுமிச்சையைப் பொரித்த பிறகு பிழியுங்கள், முன்னாலேயே பிழிந்தால் சட்டியில் உதிர்ந்துவிடும்.