இறந்த இகுவானாவும் 'மீன் தொட்டி' பில்லும்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறான். பாம்பு, பல்லி என்றால் அவனுக்கு உயிர். தேர்வு முடிந்ததும் வாங்கித் தருவதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்ற, சென்னைக்குப் போனபோது ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் பச்சை இகுவானா குட்டி ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். வாலோடு சேர்த்து ஒன்றே கால் அடி இருக்கும். "தனி விளக்கெல்லாம் வேண்டாம் சார், ஜன்னல் வெயில் போதும், கீரை போடுங்கள்" என்றார் கடைக்காரர். அப்படியே கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைத்து, தினமும் பாலக்கீரை போட்டோம். பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தீனி குறைந்தது. பின்தொடை இரண்டும் உருண்டு திரண்டன. கொழுத்து வருகிறது என்று சந்தோஷப்பட்டோம். 16ஆம் நாள் இரவு கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. மறுநாள் போன மருத்துவமனையில் "நாய், பூனைதான் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, ஒரு சத்து ஊசி போட்டு 600 ரூபாய் வாங்கினார்கள். மாலையில் இறந்துவிட்டது. மகன் அழுதுகொண்டே மாமரத்தடியில் புதைத்தான். "ஊர் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை, உங்கள் வளர்ப்பில்தான் கோளாறு" என்கிறார் கடைக்காரர். பில்லில் 'மீன் தொட்டி, உபகரணம்' என்று எழுதியிருக்கிறது. வாங்கிய அன்று கடையிலேயே மகன் எடுத்த வீடியோ இருக்கிறது. அதில் குட்டியின் விரல்கள் நடுங்குவது தெரிகிறது. பயத்தில் நடுங்குகிறது என்று அப்போது சொன்னார். பணம் திரும்பக் கிடைக்குமா? எதனால் இறந்தது என்று மகன் தினமும் கேட்கிறான்.
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: மகனின் கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் பணம் திரும்புமா என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

உடலை அறுத்துப் பார்க்காமல் எதனால் இறந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. குடல் புழுவாக இருக்கலாம், தொற்றாக இருக்கலாம். ஆனால் திரண்ட தொடை, நடுங்கும் விரல், கடைசியில் வெட்டி இழுத்தது, இந்த மூன்றும் வரிசையாக வந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் எலும்பு நோயைத்தான். வளர்ப்பு இகுவானாக்களை அதிகம் வாட்டும் நோய்களில் இது முன்வரிசையில் நிற்பது.

நடப்பது இதுதான். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் தின்ற கால்சியம் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறாது. இதயமும் தசையும் ஓட ரத்தத்தில் கால்சியம் வேண்டுமே, அதை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். எலும்பு மெலியும், மெலிந்த இடத்தில் நார்த் திசு வளர்ந்து தொடை பருத்துத் தெரியும். கீழ்த்தாடை ரப்பர் போல வளையும். நீங்கள் கொழுப்பு என்று பார்த்து மகிழ்ந்தது அந்த வீக்கமாகத்தான் இருக்க வேண்டும். உங்களைக் குறை சொல்லவில்லை, பழகியவர்களே ஏமாறும் இடம் அது. எலும்பிலிருந்து எடுத்தும் பற்றாமல் ரத்தத்தில் கால்சியம் விழும்போது விரல் நடுங்கும், வலிப்பு வரும், இதயம் நிற்கும். வீட்டாருக்கு அது திடீர் மரணம். காட்டில் சோர்ந்து கிடக்கிற பிராணியைத்தான் முதலில் பருந்து தூக்கும் என்பதால் ஊர்வன நோயைக் கடைசிவரை வெளியே காட்டுவதில்லை.

இப்போது 'ஜன்னல் வெயில்' விஷயம். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். உங்கள் குட்டிக்கு ஜன்னல் கண்ணாடி ஒன்று, தொட்டிக் கண்ணாடி ஒன்று என இரண்டு தடை. நாளெல்லாம் வெயிலில் கிடந்தும் அதற்கு வெயில் கிடைக்கவில்லை. பாலக்கீரையும் உதவவில்லை, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அகத்தி, முருங்கை, செம்பருத்தி இலை என்று நம் வேலியோரத்தில் கிடைப்பதையே போட்டிருக்கலாம். 'கீரை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போன கடைக்காரருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொடை எலும்பு அந்த அளவுக்கு மாற வாரக்கணக்கில், பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆகும். பத்து நாள் பாலக்கீரையில் வருகிற வீக்கமல்ல அது. வாங்கிய அன்றே விரல் நடுங்கியிருக்கிறது என்றால் நோய் கடையிலேயே தொடங்கிவிட்டது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. உங்கள் மகன் விளையாட்டாக எடுத்த வீடியோதான் இன்று கையில் உள்ள முதல் சாட்சி. அதை யாருக்கும் வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு அழித்துவிடாதீர்கள். எடுத்த தேதியோடு மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும், ஒரு நகல் கணினியிலும் இருக்கட்டும். ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் வீடியோவையும் பின்னாளில் எடுத்த படங்களையும் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

புதைத்தது பெரிய இழப்பு. இத்தனை நாளுக்குப் பின் தோண்டி எடுத்துப் பயனில்லை, அந்தப் பையனை அதைச் செய்ய வைக்கவும் வேண்டாம். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வாங்கிய கொஞ்ச நாளில் பிராணி இறந்தால் புதைக்காதீர்கள். பாலிதீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு டப்பாவில் மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் திசுக்கள் சிதைந்து, நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு ஒன்றும் தேறாது. ஒரு நாளுக்குள் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் நோய்க்குறியியல் துறைகள் இருக்கின்றன. தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். (வீட்டு ஃபிரிட்ஜில் செத்த ஓணானா என்று கூச்சல் எழும். தயிர்ப் பாத்திரத்தை ஒரு நாள் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.)

சரி, சட்டத்துக்கு வருவோம். மகனுக்குப் பிடிக்காது, ஆனாலும் விற்பனைச் சட்டத்தின் கண்ணில் இகுவானா ஓர் அசையும் பொருள். இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நீங்கள் புகார் கொடுக்கலாம். வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். பொருளில் குறை இருந்தது என்று காட்டும் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில்தான். கண்ணாடியும் பாலக்கீரையும் எதிர்த்தரப்பு கையில் இருக்கும் ஆயுதங்கள். 'விளக்கு வேண்டாம்' என்று அவர் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது, ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது கிடைத்தால் அதே ஆயுதம் உங்கள் கைக்கு மாறும்.

அந்த பில்லுக்கு இப்போது வருகிறேன். கடைக்காரர் ஏன் இகுவானா என்று எழுதவில்லை? கைமறதி என்று நான் நம்பத் தயாராக இல்லை. உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் பச்சை இகுவானா இருக்கிறது. நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அந்த உடன்படிக்கையில் உள்ள இனங்களுக்காக நான்காம் அட்டவணை உருவானது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அப்படிப்பட்ட பிராணியை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். கைமாற்றினாலும், குட்டி போட்டாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரரிடம் பதிவு இருந்திருந்தால் அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்திருக்கும். வந்தது 'மீன் தொட்டி'.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்பார்கள். இங்கே கட்டிவிட்டவர் கடைக்காரர், குடைச்சல் உங்களுக்கு. ஆகவே வரிசை மாறாமல் செய்யுங்கள். முதல் வேலை, வன விஷயம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசி, இறப்பை வனத்துறைக்கு நீங்களாகவே எழுத்தில் தெரிவிப்பது. உங்களுக்கு 30 நாள் முடியும் முன்பே பிராணி இறந்துவிட்டது என்பது உங்கள் பக்கம் நிற்கும் செய்தி. அதன் பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு: என்று வாங்கினேன், எவ்வளவு கொடுத்தேன், வீடியோவில் என்ன இருக்கிறது, மருத்துவர் என்ன சொல்கிறார், பிராணியின் பதிவுச் சான்று எங்கே, 15 நாளில் பதில் வேண்டும். பணத்தை யுபிஐ மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பரிமாற்ற விவரத்தின் நகலையும் இணையுங்கள்; பில்லில் எதை எழுதியிருந்தாலும் 9,500 ரூபாய்க்கு மீன் தொட்டி வீட்டுக்கு வரவில்லை என்பதை உங்கள் வீடியோ சொல்லும். பெரும்பாலான கடைகள் 'பதிவுச் சான்று' என்ற சொல்லைப் பார்த்ததுமே சமரசத்துக்கு இறங்கிவிடும் என்பது என் கணிப்பு. "பணம் தருகிறேன், வனத்துறைக்கு எழுதாதீர்கள்" என்று பேரம் வந்தால் அதற்குத் தலையாட்டாதீர்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் ஆணையம்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: அவன் பாலக்கீரை மட்டும் அந்தக் குட்டியைக் கொன்றிருக்காது. அது அவன் கைக்கு வரும்போதே நோயோடுதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்க அவனே எடுத்த வீடியோ இடம் தருகிறது. இன்னொன்று வாங்கித் தரும் எண்ணமிருந்தால், வளர்ந்த இகுவானா வாலோடு ஐந்து அடிக்கு மேல் போகும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுக்கு மேல் வாழும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அவன் கல்லூரி விடுதிக்குப் போனபின் தினமும் இலை பறிக்கப் போகிறவர் நீங்கள்தான்.

கேள்வி: ஊர்வனவுக்கான புற ஊதா விளக்கு என்று இணையத்தில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். ஊதா நிறத்தில் எரிகிறது. இரண்டே நாளில் என் தாடி ஓணான் ('பியர்டட் டிராகன்' என்ற வளர்ப்புப் பல்லி) கண்ணை மூடிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று விற்பனையாளர் சொல்கிறார்.
— திருச்சி வாசகர்

பதில்: விளக்கை இப்போதே அணையுங்கள், பிராணியை மருத்துவரிடம் காட்டுங்கள், மீதியைப் பிறகு படியுங்கள்.

புற ஊதா பி கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. ஊதாவாக எரிவது கண்ணாடிக்கு அடித்த சாயமாகவும் இருக்கலாம்; கண்ணைக் கெடுக்கும் தவறான கதிராகவும் இருக்கலாம். அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, எந்த நாட்டுப் பொருள், புகார் சொல்ல ஒரு தொடர்பு, இவை பெட்டிமேல் இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இல்லையென்றால் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள், எரிகிற விளக்கையும் எடுங்கள்.

'திரும்பப் பெறப்படாது' என்று அச்சடிப்பதால் குறையுள்ள பொருள் நல்ல பொருளாகிவிடாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டமே சொல்கிறது. அந்த வரியை அப்படியே விற்பனையாளருக்கும், விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் அனுப்புங்கள். அடுத்த முறை வாங்கும்போது நல்ல விளக்கானாலும் தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் வெளிச்சம் அப்படியே இருக்க, கதிர் மட்டும் வற்றிவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் உடும்புக் குட்டியை 3,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இறந்துபோனால் யாரிடம் கேட்பது?
— பெயர் வேண்டாம், சிவகங்கை

பதில்: கூடாது. உடும்பு வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வாங்கினாலும் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அது இறந்தாலும் பிழைத்தாலும் கேட்க வருவது வனத்துறைதான், அதுவும் உங்களிடம்.