மொட்டை மாடியில் கோபுரம்: யாரைக் கேட்டு வைத்தார்கள்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், திடீரென்று கைப்பேசிக் கோபுரம் வைத்துவிட்டார்கள். நாங்கள் இருப்பது கடைசி மாடி. மருமகள் மாசமாக இருக்கிறாள். புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டை விற்றுவிடலாமா?
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: விற்காதீர்கள் அம்மா. முதலில் மருமகளின் பயத்தைப் போக்குங்கள். கோபுரத்திலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரே போல உடம்பின் மரபணுவைச் சேதப்படுத்தும் சக்தி அதற்கு இல்லை, அளவு மீறினால் உடம்பைச் சூடாக்கும், இதுவரை உறுதியாகத் தெரிந்த தீங்கு அதுதான். உங்களுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஒரு மூலம் உண்டு. 2011 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு' என்ற பிரிவில் சேர்த்தது. அந்தக் குறைந்த ஆதாரமும் கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்து ரொம்ப நேரம் பேசுகிறவர்களைப் பற்றியது, கோபுரத்தின் அருகில் குடியிருப்பவர்களைப் பற்றியது அல்ல.

நேர் கீழே இருக்கிறோமே என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆன்டெனா அலையை வீசுவது கிட்டத்தட்ட படுக்கைவாட்டில், சற்றே கீழே சாய்த்து. நடுவில் கான்கிரீட் தளமும் இருப்பதால் அடியில் உள்ள வீட்டுக்கு வருவது பெரும்பாலும் குறைவு. எதிர் கட்டடத்தில் அதே உயரத்தில் ஜன்னல் இருந்தால் அங்கேதான் அளந்து பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஆன்டெனாவுக்கு முன்னால் சில மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. துணி காயப்போடவோ பட்டம் விடவோ பிள்ளைகள் மேலே ஏறும் வழக்கம் இருந்தால் இன்றைக்கே மாடிக் கதவைப் பூட்டச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கோபம்? அது முழுக்க நியாயமானது. ஸ்ட்ராத்தா கட்டடத்தின், அதாவது வீடுகள் தனித்தனி ஆளுக்கும் பொது இடங்கள் எல்லாருக்கும் சொந்தமான அடுக்குமாடியின் கூரை பொதுச் சொத்து, நிர்வாகக் குழுவில் உள்ள நாலு பேருடையது அல்ல. எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள், மாத வாடகை எவ்வளவு, அது பராமரிப்புக் கணக்கில் வந்து சேர்கிறதா, மாநகர் மன்றத்தின் அனுமதிக் கடிதம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தில் வழி இருக்கிறது. மொத்தப் பங்கு அலகுகளில் (கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கின் அளவு) கால் பகுதி வைத்திருக்கும் உரிமையாளர்கள் கையெழுத்திட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். புற்றுநோய் என்று சொல்லிப் போனால் ஓர் அளவீட்டு அறிக்கையைக் காட்டி உங்களை உட்கார வைத்துவிடுவார்கள், ஏன் எங்களைக் கேட்கவில்லை என்று போனால் பதில் சொல்லியே தீர வேண்டும்.

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீட்டுக்குள் கைப்பேசிக்கு லைனே கிடையாது. கோபுரம் வருகிறது என்றதும் அக்கம்பக்கத்தார் கையெழுத்து வாங்கித் தடுக்கப் பார்க்கிறார்கள். நான் என்ன செய்ய?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அவர்களிடம் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். லைன் மோசமான இடத்தில் கைப்பேசி கோபுரத்தை எட்டுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். சமையலறை மூலையில் நின்று பேசும்போது போன் சூடாகி பேட்டரி மளமளவென்று இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் அதுதான். கோபுரம் தூரமாகப் போகப் போக, காதில் வைத்திருக்கும் கருவிதான் கூடுதலாக அலை வீசுகிறது. வீட்டில் வயசானவர்கள் இருந்து, ராத்திரி நேரத்தில் ஆம்புலன்ஸ் கூப்பிட லைன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள்.

ஆனால் தடுப்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நகரில் யாரையும் கேட்காமல் மேம்பாட்டு அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு தாமான் ரிம்பா கியாரா வழக்கு இருக்கிறது. அது பூங்கா நிலத்தில் அடுக்குமாடி கட்டும் விவகாரம், கோபுரம் அல்ல. என்றாலும் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கம் நின்று, அனுமதி ரத்தானது சரிதான் என்று தீர்ப்பளித்தது. அதனால் 'வேண்டாம்' என்று மட்டும் மனு எழுதாமல், எந்த இடத்தில் வைத்தால் சம்மதம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விளையாட்டு மைதானத்தை ஒட்டி வேண்டாம், கடை வரிசையின் பின்னால் வைக்கட்டும் என்பது போல. நீங்களும் அதில் கையெழுத்துப் போடலாம்.

கேள்வி: அலையின் அளவை யார் வந்து அளப்பார்கள்?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தில் புகார் கொடுங்கள். மலேசிய அணுசக்தி நிறுவனமும் இதை அளக்கும். கைப்பேசி அலைவரிசைகளுக்கான அனைத்துலக வரம்பு 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800 மெகாஹெர்ட்ஸில் 9 வாட். அறிக்கை வந்ததும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத காலை பத்து மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போக விடாதீர்கள். எல்லாரும் வேலை முடிந்து வந்து போனும் கையுமாக இருக்கும் சாயங்காலத்தில் வரச் சொல்லுங்கள், கருவியை உங்கள் படுக்கையறை ஜன்னலிலும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.