வட ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் பகுதியிலுள்ள சான் செபாஸ்டியன் போனால் பாஸ்க் பண்பாடு கண்ணில் படுமா, இல்லை அது வெறும் கடற்கரை ஊரா?

நன்றாகவே படும். முதலில் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஸ்பானிஷோடு பாஸ்க் மொழியான எயுஸ்காராவும் இருக்கும். அந்த மொழியில் ஊரின் பெயர் தொனோஸ்தியா. இன்று உலகில் பேசப்படும் வேறெந்த மொழியோடும் எயுஸ்காராவுக்கு உறவு நிறுவப்படவில்லை. ஆனாலும் நமக்கு அதில் ஒன்று பழகியதாகத் தோன்றும்: 'எச்சே' என்றால் வீடு, 'எச்சேயான்' வீட்டில், 'எச்சேட்டிக்' வீட்டிலிருந்து. நம் வேற்றுமை உருபு மாதிரியே ஒட்டிக்கொள்கிறது! உறவு இல்லை, அமைப்பு அப்படி. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மொழி அது. இன்று பிள்ளைகள் தெருவில் அதைப் பேசி விளையாடுவதைக் கேட்டபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அப்புறம் சாப்பாடு. பழைய நகரத்து மதுக்கடைகளில் மேசை நிறைய பிஞ்ச்சோ என்ற சின்னச் சின்னத் தின்பண்டங்கள் அடுக்கியிருக்கும். 'கில்டா' கேளுங்கள்: ஒரு குச்சியில் பச்சை ஆலிவ், ஊறவைத்த நீள மிளகாய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி வகை மீன். புளிப்பும் உப்பும் லேசான காரமும் ஒரே வாயில். ஒரு கடையில் ஒன்றிரண்டு, பிறகு அடுத்த கடை. அதுதான் அங்கே வழக்கம். சாக்கோலி என்ற வெள்ளை ஒயினை உயரத் தூக்கி ஊற்றுவார்கள், நம்மூர் டீ மாஸ்டர் ஆற்றுவது போல.

கொஞ்சா கடற்கரை அழகுதான். ஆனால் விரிகுடாவின் மேற்கு முனைவரை நடங்கள். அங்கே பாறைகளில் சிற்பி எதுவார்தோ சில்லிதா 1970களில் பதித்த மூன்று எஃகுச் சிற்பங்கள், 'காற்றின் சீப்பு', இருக்கின்றன. அலை மோதும்போது தரையிலுள்ள துளைகள் வழியே காற்று சீறி மேலே வரும். கடல் கொந்தளிக்கும் நாளில் போனால் இன்னும் நல்லது.

ஜனவரி 20 அன்று போக முடிந்தால் விடாதீர்கள். தம்போர்ராதா விழா, 24 மணி நேரமும் ஊரெங்கும் முரசு.