பைலோநெஃப்ரைட்டிஸுக்கு (சிறுநீரகத் தொற்றுக்கு) எந்த மருத்துவக் கோடு (code)?

கேள்வி: டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பைலோநெஃப்ரைட்டிஸ்' என்று மட்டும் இருக்கிறது. யூரின் கல்ச்சரில் ஈ.கோலை பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. என்10 (N10) கோடு போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் என்10 வர 'அக்யூட்' (திடீரென வந்தது) என்று டாக்டரே எழுதியிருக்க வேண்டும். நாள்பட்டது என்றால் என்11 வரிசை. இரண்டும் சொல்லப்படாவிட்டால் என்12தான். குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, இரண்டு நாளாக வாந்தி என்று கேஸ் ஷீட் முழுக்க அக்யூட்டின் அடையாளங்கள் இருக்கலாம். அதை வைத்து நோயைத் தீர்மானிப்பது கோடரின் (நோய்க்குக் கோடு போடுபவரின்) வேலையல்ல. டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள். "அக்யூட்தானே டாக்டர்?" என்று கேட்டால் பதிலை நாமே திணிப்பதாகும். அறிகுறிகளையும் லேப் முடிவையும் தேதியோடு எழுதி, 'அக்யூட், நாள்பட்டது, வேறு, தீர்மானிக்க இயலவில்லை' என்று தெரிவுகள் கொடுங்கள்.

கிருமிக்கும் இதே விதி. லேப் ரிப்போர்ட் மட்டும் போதாது, 'ஈ.கோலையால் வந்தது' என்று டாக்டர் குறித்தால் ஈ.கோலையைக் குறிக்கும் பி96.20ஐக் கூடுதலாகச் சேர்க்கலாம்.

அடிக்கடி கண்ணில் படும் தவறு, கூடவே சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கான என்39.0 போடுவது. அது தொற்றின் இடம் தெரியாதபோது மட்டும். இங்கே இடம் சிறுநீரகம் என்று தெரிந்துவிட்டதே! கல் அடைத்து, சிறுநீரகம் வீங்கி, தொற்றும் சேர்ந்திருந்தால் என்13.6ஐப் பாருங்கள்.