லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகை வீடு பார்க்கிறோம். அம்மாவும் கைக்குழந்தையும் பகல் முழுவதும் வீட்டில் இருப்பார்கள். வீட்டின் ஆற்றல் சிக்கனத்தை 'ஏ' (சிறந்தது) முதல் 'ஜி' வரை தரம் பிரிக்கும் ஈ.பி.சி. சான்றிதழில் 'சி' என்று இருக்கிறது. கேஸ் செலவு குறைவாக வருமா?

அந்த ஒற்றை எழுத்தை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். நான் 'டி' என்ற எழுத்தைப் பார்த்து, பழைய வீட்டுக்கு இது போதும் என்று நினைத்துக் குடிபோனேன். இரண்டு குளிர்காலம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

இங்கிலாந்தில் ஈ.பி.சி. பதிவேடு அரசின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அந்தத் தெருவின் வீடுகள் வரிசையாக வரும். ஏஜெண்ட் அனுப்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் தேதியைப் பாருங்கள். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். இடையில் வீட்டில் எத்தனையோ மாறியிருக்கலாம். அடுத்து புள்ளி. 69 முதல் 80 வரை எல்லாமே 'சி'தான். 69 எடுத்த வீடு 'டி'யிலிருந்து ஒரே ஒரு புள்ளி தள்ளி நிற்கிறது.

உங்கள் அம்மாவும் கைக்குழந்தையும் பகல் முழுவதும் வீட்டில் இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புள்ளி உங்கள் குடும்பத்தைப் பார்த்துப் போட்டதல்ல. யார் குடியிருந்தாலும் ஒரே பழக்கம், கூடத்தில் 21 டிகிரி என்று வைத்துக்கொண்டு, சூடாக்கவும் வெந்நீருக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைக் கணக்கிடுகிறார்கள். பகலிலும் வீட்டைச் சூடாக்கினால் உங்கள் பில் அதைவிடக் கூடுதலாக வரக்கூடும்.

முக்கியமானது இனிமேல்தான். சுவர், கூரை, ஜன்னல் என்று கீழே ஒரு பட்டியல் இருக்கும். அதில் 'அஸ்யூம்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். மதிப்பீட்டாளர் கண்ணால் பார்க்கவில்லை, கட்டிய காலத்தை வைத்து அனுமானித்திருக்கிறார் என்று பொருள். எங்கள் வீட்டுக் கூரைக்கு நேரே அதுதான் இருந்தது. குழந்தையின் அறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்த பிறகுதான் ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். சூடு வெளியேறாமல் தடுக்கப் பரணில் விரிக்கும் இன்சுலேஷனுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் கனம் 270 மில்லிமீட்டர். அங்கே பழுப்பேறிய கண்ணாடிப் பஞ்சு, டேப்பை வைத்தால் 50 மில்லிமீட்டர்கூட இல்லை. குழந்தையின் அறைக்கு நேர் மேலே அதுவும் விலகி, வெறும் பலகை தெரிந்தது.

சுவரை வெளியே நின்றே கணிக்கலாம். செங்கற்களில் நீளப்பக்கமும் குறும்பக்கமும் மாறி மாறித் தெரிந்தால் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர், சூடு நிற்காது. நீளப்பக்கம் மட்டுமே தெரிந்தால் இடைவெளி விட்ட சுவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

சட்டம் இருக்கிறது. 'ஈ'க்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட 2018 ஏப்ரலிலிருந்தே தடை. 2020 ஏப்ரல் முதல் ஏற்கெனவே குடியிருப்போரின் வீடுகளுக்கும் அதே விதி. மீறினால் கவுன்சில் 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். ஆனால் வீட்டுக்காரர் 3,500 பவுண்டு வரை செலவழித்தும் 'ஈ'யை எட்டவில்லை என்றால், விலக்குப் பதிவு செய்துகொண்டு வாடகைக்கு விடலாம். அனுமானத்தில் வாங்கிய புள்ளியும் விதிக்குப் போதுமானதாகிவிடுகிறது. இது எனக்கு ஏற்கவே முடியாத ஓட்டை. குளிரில் இருமுவது குடியிருக்கும் குழந்தை அல்லவா?

வீடு பார்க்கப் போகும்போது ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். பரண் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி இல்லை என்று சொன்னால், சாவி கிடைக்கும் நாளில் மறுபடி வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.