ஊசி குத்தியதை மறைத்தவர்

மதிப்பிற்குரிய ஐயா,

சொந்தமாகப் பல் மருத்துவமனை தொடங்கி ஓராண்டு ஆகிறது. வேர்ச் சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் வலி நின்றதும் அடுத்த முறை வருவதில்லை. நினைவூட்டல் அனுப்ப மென்பொருள் வாங்கலாமா? கருவிகள் தாமதமானால் சத்தம் போடுவேன்; உதவியாளர்களும் நிலைப்பதில்லை. அண்மையில் ஒருத்தி, பயன்படுத்திய ஊசி விரலில் குத்தியதை மூன்று நாள் என்னிடம் மறைத்துவிட்டாள். இப்படிப் பொறுப்பற்றவர்களை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

அந்தப் பெண்ணை உடனே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு உங்களுக்குத் தனியே எழுதிவிட்டேன். மென்பொருளை வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி.

உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறது. அவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியின் மூன்று தவணைகளும் போடப்பட்டனவா என்ற செய்தி இல்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். ஆனால் ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசியென்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் ஆறு முதல் முப்பது வரை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 72 மணி நேரமும் அவர் உங்களுக்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். தன் உயிரைவிட உங்கள் ஏச்சுக்கு ஒருவர் அதிகம் அஞ்சும்படி ஓராண்டுக்குள் செய்துவிட்டு, பொறுப்பைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே!

நான் பயிற்சி பெற்ற இடத்தில் மூத்த மருத்துவர் ஒருவர், தாம் போட்ட ஊசியைப் பிறர் தொட விடமாட்டார். மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து, தாமே பெட்டியில் போடுவார். கருவி கீழே விழுந்தால் குரலை உயர்த்தாமல் வேறொன்று கேட்பார். முன்கோபிதான், வெளியே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஆனால் நாற்காலியில் நோயாளி இருக்கும்போது அந்தக் கோபம் உள்ளே வந்ததில்லை. நாம் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கையில் நோயாளியின் கண்ணைப் பார்ப்பவர், உமிழ்நீர் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருக்கும் உதவியாளர்தான். அவர் மீது நீங்கள் எரிந்து விழும்போது, வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் படுத்திருப்பவரும் அதைக் கேட்கிறார். வலி நின்ற பிறகு அவர் ஏன் மறுபடி வரவேண்டும்?

கருவிகள் தாமதமாகின்றன என்று கத்துவதையும் விடுங்கள். கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் 134 டிகிரியில் மூன்று நிமிடம் போதும் என்பது படித்த கணக்கு; கழுவவும், சூடேறவும், உலரவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து நோயாளிகளுக்கு நேரம் கொடுப்பது உங்கள் வேலை.

ஊசி குத்தினால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அந்தக் கணமே உங்களிடம் சொல்லலாம் என்று எல்லோரையும் கூட்டி உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் பரிசோதனைகளும், பின்னர் வரும் மறுபரிசோதனைகளும் வேலை நேரத்திலேயே, உங்கள் செலவில், சம்பளப் பிடித்தமின்றி நடக்கட்டும்.